ஒரு மணி பத்து நிமிஷம்

என் தங்கை உமாவிடம் பொய் சொன்னேன். அவள் இருக்கும் கண்ணூரிலிருந்து நான் இருக்கும் திருவனந்தபுரத்துக்கு நேர் விமானம் இல்லை என்று சொன்னேன். இருந்தது! அன்றைக்கே இருந்தது. இடமும் இருந்தது.

தெரியாமல் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே கிழக்கேகோட்டையில் ஒரு டிராவல்ஸில் பதினாறு வருஷமாக டிக்கெட் போடுகிறவள் நான். நானூறு கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி பத்து நிமிஷம்... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே போவதானாலும் என்னைத்தான் கேட்பார்கள். நான் சொன்னபிறகு வேறு யாரும் தேடிப் பார்ப்பதில்லை. உமாவும் பார்க்கவில்லை.

ஸ்ரீவராகத்து வீட்டில் அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தாள். குளிப்பாட்டியது யார்? மலஜலம் எடுத்தது யார்? வந்த வரனையெல்லாம் 'அம்மாவை யார் பார்த்துப்பா?' என்று தட்டிக் கழித்தது யார்? நான்! நான்தான்!

அன்று காலை டாக்டர் வந்து, இன்றைக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். கஞ்சித் தண்ணீர் புகட்டக் குனிந்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உமா எங்கேடி? அவ வந்து குடுக்கட்டும்."

வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, நாலு நாள் இருந்து, மூக்கைச் சிந்திவிட்டுப் போகிறவள் வந்து கொடுக்க வேண்டுமாம்!

அந்த நேரம் பார்த்து உமாவின் போன். "அக்கா, மனசே சரியில்லை. அம்மாவைப் பாக்கணும். ஃப்ளைட் உண்டோ, பாரேன்."

பார்த்தேன். பதினொன்றரைக்கு ஒன்று... கண்ணெதிரே!

"இல்லைடி. பெங்களூர் போய்ச் சுத்திண்டு வரணும். ட்ரெயின்லயே வா. அம்மாவுக்கு அப்படியொண்ணும் அவசரமில்லை."

அவசரமில்லை! அதையும் இந்த வாய்தான் சொன்னது.

ரயிலில் ஒன்பது மணி நேரம். விமானத்தில் வந்திருந்தால் ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்குள் இருந்திருப்பாள். ஏர்போர்ட் இங்கிருந்து ஆட்டோவில் கால் மணிதான். அம்மாவுக்கு மூன்று மணி வரை நல்ல நினைவு. "வந்துட்டாளா?" என்று இரண்டு தடவை கேட்டாள்... இல்லை, இங்கேயும் பொய் எதற்கு? ஏழெட்டுத் தடவை கேட்டாள். என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

உமாவின் ரயில் எர்ணாகுளத்தில் நின்றுகொண்டிருந்தபோது அம்மா போய்விட்டாள்.

எதற்காகச் செய்தேன்? அவள் வராவிட்டால் அம்மா என்னைத் தேடுவாள் என்றா? அல்லது அம்மாவைத் தண்டித்தேனா? சாகக் கிடக்கிறவளையா!

இருட்டியபின் வந்து சேர்ந்த உமா என்னைத்தான் கட்டிக்கொண்டாள். "நீயாவது பக்கத்துல இருந்தியே, அக்கா." அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

போன மாதம் அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு முன்னால் கூப்பிட்டாள். அவள் பெண் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்தாளாம்.

"அக்கா, இப்ப இங்கேருந்து நேரா ஃப்ளைட் விட்டிருக்கானே! ஒரு மணி பத்து நிமிஷம்தானாம். போன வருஷமே விட்டிருந்தா அம்மா முகத்தைப் பாத்திருப்பேன், இல்லையா?" விம்மி விம்மி அழுதாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, அப்போதாவது!

"ஆமாண்டி, இப்பத்தான் விட்டிருக்கான்" என்றேன். "டிக்கெட் போடட்டுமா?"

ஜன்னலோரமாகப் போடச் சொன்னாள். போட்டேன்.