அழகேசன் போட்டுக்கொண்ட ஊசி

அழகேசன் என்று பெயர் வைத்தது அவருடைய அப்பா. வைத்ததோடு அவர் வேலை முடிந்தது. அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு ஐம்பத்தொரு வருஷமாக ஊருக்குள் நடமாடும் கஷ்டம் இவருக்குத்தானே தெரியும்! ரேஷன் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தபின் சிரிக்காமல் இருந்தால் அதுவே பெரிய மரியாதை.

பருத்திப்பட்டில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் அடுக்குமாடியானதில் அழகேசனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. வெயிலில் களை பிடுங்குகிற வேலை விட்டதே என்பார். வெயில் வேண்டாம் என்றவருக்கு அமைந்தது, அம்பத்தூர் எஸ்டேட்டில் உலை வேலை. இரும்புப் பற்சக்கரங்களைச் சிவக்கச் சிவக்கச் சூடேற்றி எண்ணெயில் முக்கி எடுக்கும் பட்டறை. இருபத்தைந்து வருஷம் உலையின் வாய்க்கு நேராக முகத்தைக் காட்டினால் முகம் என்ன ஆகும்? ஈரப்பசை என்பதே போய்விட்டது. கன்னம் இரண்டும் சொரசொரவென்று காய்ந்து, சிரித்தால் கண்ணோரம் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார். மனைவி மங்களத்தின் க்ரீமைத் திருட்டுத்தனமாகத் தடவிப் பார்த்தார். ஷிஃப்ட் முடிவதற்குள் எல்லாம் ஆவியாகிவிடும்.

அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டவரில்லை, மகள் பவ்யாவின் நிச்சயதார்த்தம் வரைக்கும்.

பூந்தமல்லியில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளை தினேஷ், பவ்யாவோடு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். தட்டு மாற்றி முடிந்ததும், "பொண்ணோட அப்பா அம்மா மட்டும் வாங்க" என்று போட்டோக்காரத் தம்பி குரல் கொடுத்தான். அழகேசன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மகள் பக்கத்தில் போய் நின்றார். அந்தத் தம்பி கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தாத்தா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்த போட்டோல எடுத்துக்கலாம்" என்றான்.

அழகேசன் தள்ளி நின்றார்.

"அண்ணா, அவர்தான் எங்கப்பா!" என்று பவ்யா கத்தினாள். மண்டபமே சிரித்தது. போட்டோக்காரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மங்களம்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அழகேசனும் சிரித்தார். படத்தில் அவர் சிரித்தபடிதான் இருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமான மனிதர் என்று தோன்றும்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அந்தப் படத்திலாவது அப்பன் மாதிரி நிற்க வேண்டும் என்று அவர் மனசுக்குள் ஒரு முள் தைத்துவிட்டது. வீட்டில் யாரிடம் சொல்வது? ஐம்பது வயசுக்கு மேல் ஆம்பளை முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் ஊர் என்ன சொல்லும்? பட்டறைத் தோழன் தசரதனிடம் மட்டும் சொன்னார்.

தசரதனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. எல்லாம் செல்போனில் பார்த்தது. "இன்னா மாமே, இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? இப்பதான் தோலுக்கு உள்ளயே தண்ணி நிக்கிற மாதிரி ஊசி வந்து கீதே! ஆவடில ஒரு பார்லர்ல பாதி ரேட்டுக்குப் போடறாங்களாம்."

"டாக்டரா போடறாங்கோ?"

"டாக்டரு மாதிரி."

"மாதிரின்னா வேணாம்டா சாமி."

அந்த மட்டும் புத்தி வேலை செய்தது. வானகரத்தில் தோல் மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஷிஃப்ட் முடிந்த கையோடு போனார். அகல்யா என்று பெயர். சின்ன வயசு. ஆனால் கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிற ரகம். முகத்தை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஊசியில இருக்கிறது ஹயலூரானிக் ஆசிட்னு ஒரு ஜெல் சார்" என்று ஆரம்பித்தார்.

அழகேசன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பட்டறையில் துருப் பிடித்த இரும்பை ஆசிட் தொட்டியில் போட்டு எடுப்பதைத் தினமும் பார்க்கிற மனிதர் அல்லவா! "மூஞ்சில ஆசிட்டா மேடம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "பேர்தான் சார் ஆசிட். நம்ம தோல்லயே இருக்கிற சமாச்சாரம்தான். தண்ணிய இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும். வயசாக ஆக அது குறைஞ்சுடும், உங்களுக்கு உலைச் சூடு வேற. அதான் இப்படிக் காஞ்சிருக்கு."

அப்புறம் ஒளிக்காமல் சொன்னார். நிறம் மாறாது, வெள்ளையாவேன் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஆழமான சுருக்கம் போகாது. தோல் கொஞ்சம் மிருதுவாகும், ஈரமாகத் தெரியும், மெல்லிய கோடுகள் மங்கும், அவ்வளவுதான். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை போட வேண்டும், அதுவும் சில மாதம்தான் நிற்கும். போட்ட இடத்தில் ஒன்றிரண்டு நாள் சின்னச் சின்னத் தடிப்பு இருக்கும், கன்றிப்போகலாம். சுத்தமில்லாமல் போட்டால் சீழ் பிடிக்கும். மிக அபூர்வமாக ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிடும். தோல் வெளுத்து, தாங்க முடியாமல் வலித்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடி வர வேண்டும், கரைக்கிற மருந்து தன்னிடம் இருக்கிறது.

"பார்லர்ல அந்த மருந்தும் இருக்காது, எப்பப் போடணும்னும் தெரியாது" என்றவர், கடைசியில் கேட்டார்: "வேற வியாதி இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? அதுல கன்றிப்போறது அதிகமாகும்."

அழகேசனுக்கு இரண்டு வருஷம் முன்பு நெஞ்சுவலி வந்து, அடைத்த இதயக் குழாயைத் திறந்துவைக்க ஸ்டென்ட் வைத்திருந்தது. அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையைத் தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பின் போட்டாக வேண்டும். சொன்னால் எங்கே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில், வாய் கூசாமல் "ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். அடப்பாவி மனுஷா!

மறுநாள் பட்டறையில் டீ குடிக்கும்போது தசரதனிடம் விஷயத்தைச் சொன்னார். ஊருக்கு உபதேசம் செய்ய ஆள் வேண்டுமா? "ஒரு வாரம் அந்த மாத்திரைய நிறுத்திடு மாமே. ஊசி போட்டப்புறம் மறுபடி போட்டுக்கோ. இன்னா இப்ப?" என்றான் தசரதன்.

மங்களம் அந்த மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டுச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து அனுப்புவாள். மறந்ததே இல்லை. அழகேசன் அதைச் சாப்பிடாமல் யூனிஃபார்ம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மருந்தைத் தூக்கி எறிய மனசு வரவில்லை, எப்படியும் மறுபடி போடப் போகிறோமே என்று ஒரு கணக்கு. பையில் கிடந்த மாத்திரைகளை எடுத்து வைக்க மறந்துவிட்டு, ஊசிக்குக் குறித்த நாளில் வேறு சட்டையோடு வானகரம் போய்விட்டார்.

வெள்ளையாக மரப்புக் களிம்பைப் பூசி, முகம் மரக்கட்டும் என்று உட்கார வைத்திருந்தார்கள். கதவு படாரென்று திறந்தது. மங்களம்! மூச்சு வாங்க, தலை கலைந்து, உள்ளங்கையில் ஈரத்தில் ஊறிப் பொடிந்த மாத்திரைகளோடு நின்றாள். துவைக்கப் போட்ட சட்டையில் அவை கிடைத்ததும் அவருக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. தசரதனுக்குப் போட்டிருக்கிறாள். அவள் குரலைக் கேட்டதும் அவன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

"யோவ்! இன்னாய்யா இது? சாவறதுக்கு நாள் பாத்துகினு கீறியா?" என்று அவள் போட்ட சத்தத்தில் டாக்டரும் நர்ஸும் ஓடி வந்தார்கள். "ரெண்டு வருசம் முன்ன ஆம்புலன்ஸ்ல உன் கையப் புடிச்சிகினு வந்தவ நானு. பூச்சு பூசிகினு உக்காந்து கீது பாரு, மாப்பிள்ள!"

டாக்டர் அகல்யா அந்த மாத்திரையைப் பார்த்தார், அழகேசனைப் பார்த்தார். களிம்பைத் துடைக்கச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் கோபம் தெரிந்தது.

"கன்றிப்போனா பத்து நாள்ல மறையும் சார். ஸ்டென்ட் அடைச்சா உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க இருக்க மாட்டீங்க. உண்மைய சொல்லியிருந்தா மாத்திரையோடவே போட்டிருப்பேன், கன்றும், பொறுத்துக்கோங்கன்னு. இன்னிக்கு ஊசி கிடையாது. நேரா உங்க இதய டாக்டர்கிட்ட போங்க."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மங்களம் வாயை மூடவில்லை. பைபாஸ் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் அழகேசன் வாயைத் திறந்தார்.

"போட்டோக்காரன் என்னைத் தள்ளி நில்லுன்னான் மங்களம். தாத்தான்னான். நீகூட சிரிச்ச."

மங்களம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தான் சிரித்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இவர் இத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்த எங்கைல சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வரைக்கும் அவர் கையை விடவில்லை.

நெஞ்சைப் பரிசோதித்துப் பார்த்ததில் நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. இதய டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்து, இனி ஒரு நாள்கூட நீயாக நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். முகத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டது யார் தெரியுமா? மங்களம்தான். மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார் அவர்.

"ஆசப்பட்டுட்ட, போட்டுக்கோ. கன்னிப் போனா கன்னிப் போவட்டும்" என்றாள் மங்களம். அடுத்த வாரம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஊசி ஏறும்போது அழகேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டார், அவள் மூடவில்லை. இரண்டு நாள் உலைப் பக்கம் போகக்கூடாது, முகத்தைத் தேய்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் கன்னத்துக்குக் கை கொண்டு போனாலே மங்களம் ஒரு அதட்டல் போட்டாள். இடது கன்னம் கத்தரிக்காய் நிறத்துக்குக் கன்றிப்போனது. மங்களம் அடித்துவிட்டாள் என்று பட்டறை முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டது தசரதன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரண்டாவது ஊசியும் முடிந்து, கல்யாணத்துக்குள் கன்றல் எல்லாம் மறைந்தது. பலன் இருந்ததா என்றால் இருந்தது. டாக்டர் சொன்ன அளவுக்குத்தான் இருந்தது. சொரசொரப்பு குறைந்தது, சிரித்தால் விழும் வெள்ளைக் கோடு மங்கியது. "நல்லா தூங்கி எழுந்த மாதிரி கீறியே" என்றார்கள். வயசு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

கல்யாண வரவேற்பில் அதே போட்டோக்காரத் தம்பி. நிச்சயத்துக்குப் பிறகு எத்தனை மண்டபம், எத்தனை முகம் பார்த்தானோ, பாவம். "அப்பா அம்மா மட்டும்" என்றான். அழகேசன் போய் நின்றார். அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெரியவரே, நீங்க கொஞ்சம் தள்ளி..." என்று இழுத்தான்.

இந்தத் தடவை மண்டபம் சிரிக்கவில்லை. மங்களம் முகம் சிவந்துபோனாள், பவ்யா வாயைத் திறந்தாள். அதற்குள் அழகேசனே பேசிவிட்டார்.

"தள்ள மாட்டேன். நான்தான்பா பொண்ணோட அப்பன். எடு."

அடுத்த கணமே மங்களத்துக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. பந்தி விசாரித்த அவசரத்தில் மதிய மாத்திரையை அவர் போட்டிருக்கவில்லை! மேடையென்றும் பார்க்கவில்லை, சம்பந்தி நிற்கிறார்களே என்றும் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, "வாயத் தொறய்யா" என்றாள். போட்டோக்காரன் பட்டென்று எடுத்துவிட்டான்.

நல்ல படங்கள் எத்தனையோ ஆல்பத்தில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். மகளுக்குப் பக்கத்தில், தன் இடத்தில், ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார் அழகேசன்.