இரண்டிலும் செவ்வரளி

அம்மனிடம் பூ கேட்ட அன்று இரண்டு பொட்டலங்களிலும் நான் செவ்வரளியைத்தான் வைத்தேன். வெள்ளைப் பூ ஒன்றுகூட வைக்கவில்லை. அம்மன் எதுவும் சொல்லவில்லை, சொன்னவன் நான்.

இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சம்பந்தம் பேசினால், முடிக்குமுன் குலதெய்வத்திடம் பூ கேட்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, மற்றதில் செவ்வரளி. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

இரண்டு பொட்டலங்களும் வித்தியாசம் தெரியாமல் இருக்க வேண்டும். அதனால் எங்கள் குடும்பத்தில் மடிக்கும் வேலை எப்போதும் என்னுடையது. எதையும் ஓரம் பிசகாமல் செய்பவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைத்தான் பயன்படுத்திக்கொண்டேன்...

அன்று கேட்டது எனக்கும் வளர்மதிக்கும். வளர்மதி என் அக்கா மகள். "எம்பொண்ணு உன் வூட்டுக்கு வர்றதுக்கு நான் யாரைடா கேக்கணும்?" என்பாள் அக்கா. வளர்மதியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுத்திருக்கலாம். இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை, மனம் ஒப்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். பாதி உண்மை. மீதிப் பாதி, தருமபுரியில் என் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண். அவளைத்தான் பிறகு மணந்தேன். அக்காவின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாமல், சாமியைச் சொல்ல வைத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு. "எம்பொண்ணுக்குக் குடுத்து வெக்கலையேடா" என்று அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். மற்றப் பொட்டலத்தைத் திரும்பும் வழியில் ஏரியில் போட்டேன். நிம்மதியாக இருந்தது! அதையும் சொல்லத்தானே வேண்டும்...

நான் யோசிக்காதது ஒன்று. நான் மறுத்திருந்தால் பழி என்மேல் விழுந்திருக்கும். சாமி மறுத்ததால் அது அவள்மேல் விழுந்தது. "சொந்தத் தாய்மாமனுக்கே அம்மன் வேணாம்னுட்டாளாம். பொண்ணுகிட்ட என்னமோ இருக்குது" என்று எங்கள் சனமே பேசியது. வந்த வரன்கள் வாசலோடு திரும்பின. அவளுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில், கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்களுக்கு முகூர்த்தப் புடவைகளை விரித்துக் காட்டுகிறாள்.

சென்ற மாதம் என் மகளுக்கு ஒரு வரன் அமைந்தது. மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. பூ கேட்காமல் ஆகாது என்றாள் அக்கா. கோயில் மண்டபத்தின் ஓரத்தில் நான் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தபோது வளர்மதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாதுங்க."

"சொல்லு."

"ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுடுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். தெரிந்துதான் கேட்கிறாளா? அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது.

"பாப்பா என்னை மாதிரி நின்னுடக் கூடாதுங்க மாமா. பாவம்னா எனக்கு வரட்டும். எனக்கு இனிமே என்ன ஆவப் போவுது?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது...

"என்னடா, இன்னுமா மடிக்கிற? பூசாரி காத்துக்கிட்டு இருக்காரு" என்று அக்கா அங்கிருந்து கூப்பிட்டாள்.

வளர்மதி செவ்வரளியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் விரல்கள் நடுங்கின. இப்படி ஒரு காரியத்தை முதன்முதலாக நினைத்தவள் தான்தான் என்று அவள் நம்பினாள். என் விரல்கள் நடுங்கவில்லை. அவற்றுக்கு அந்த வேலை ஏற்கெனவே தெரியும்.

வெள்ளை வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நேற்று அக்கா போன் செய்தாள். கல்யாண வேலைகளைப் பற்றிப் பேசிவிட்டு, "இவளுக்கு என்னன்னே தெரியலடா. வெள்ளிக்கிழமையானா பட்டினி கெடந்து அம்மனுக்கு வெளக்கு வெக்கிறா. எதுக்குடின்னு கேட்டா சிரிக்கிறா" என்றாள்.

எதற்கென்று எனக்குத் தெரியும்.

"ஏதாவது வேண்டுதலா இருக்கும்க்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.