அண்ணன் வைத்த பாஸ்வேர்ட்

பிரிக்ஃபீல்ட்ஸ் தியாகராசா ரயில்வே கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். அண்ணன் சொல்லை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மீறினார்.

தொண்ணூற்றெட்டில் கள்ள சிடி பிடிக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. பிடிபட்டதெல்லாம் கடைக்காரர்கள்தான். ஆனாலும் தியாகராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிய விண்டோஸ் கள்ளச் சரக்கு. அதற்காகப் பென்ஷனை நிறுத்திவிட்டால்?

தங்கை குணபூசணியின் புருஷன் இருதயத்தைக் கூப்பிட்டார். டெலிபோன் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர். குணபூசணி அவரைக் கட்டிக்கொண்ட நாள் முதல், கிள்ளானில் இருக்கும் மூத்தவர் பாலசுந்தரம் அவளைத் தங்கை என்று சொல்வதில்லை. தியாகராசா சொல்வார், அண்ணன் காதில் விழாத தூரத்தில்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு மச்சான். சும்மாவே கொடுக்கிறாங்க."

"சும்மாவா? அதுக்கு என்ன குறை?"

"குறை இல்ல லா. யாரு வேணும்னாலும் திறந்து பாக்கலாம், திருத்தலாம்."

"எழுதினது யாரு வீட்டுப் பிள்ளைங்க?"

"ஊரு உலகத்துல உள்ளவன் எல்லாம்."

தியாகராசாவுக்கு அது அவ்வளவு மரியாதையாகப் படவில்லை. பென்ஷனை நினைத்துத் தலையாட்டினார்.

ஏற்றி முடித்த இருதயம், இதில் 'ரூட்' என்று ஒருவர் உண்டு, அவருக்கு மேல் யாருமில்லை, அவர் பாஸ்வேர்டை இப்போது அடியுங்கள் என்றார். தியாகராசா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அண்ணன் உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் தம்பி உட்காருவதா? இருதயத்தைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, கிள்ளானிலிருந்து பாலசுந்தரத்தை வரவழைத்தார். அவர் ஒற்றை விரலால் எதையோ அடித்தார். எதை என்று தம்பிக்கும் சொல்லவில்லை.

எதையாவது நகலெடுக்கப் பிளாப்பி தட்டைச் செருகினால்கூட ரூட் அனுமதி வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கும் அண்ணன் ரயிலேறி வந்தார். வந்தவருக்குத் தியாகராசாவின் மனைவி நேசம்மா நண்டுக்கறி வைத்தாள். "உங்க அண்ணனுக்கு மெஷின் பழகிருச்சு, எனக்குத்தான் முதுகு போச்சு" என்றாள் புருஷனிடம்.

அந்த வருஷம் குடும்ப ஒன்றுகூடலுக்கு வம்சப் புத்தகம் போடுவதென்று முடிவாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய தாத்தா முதல் நேற்றுப் பிறந்த குழந்தை வரை தியாகராசாவே அடித்தார். தமிழ் எழுத்து ஏறவில்லை, இங்கிலீஷில்தான். அச்சகத்துக்குக் கொடுக்க பிளாப்பியில் எடுக்கும் நாளில் பாலசுந்தரம் திரையைப் படித்தார்.

"குணம் பேரு எதுக்கு இங்க?"

"அப்பாவுக்குப் பிறந்தது அண்ணே."

"எடு. எடுத்தாத்தான் பாஸ்வேர்ட்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேசம்மா சட்டியை இறக்கி வைத்தாள். "முப்பது வருஷமா அண்ணன் சொல்லு. குணத்துக்குப் பிள்ளை பிறந்தப்பவும் நீங்க போகல. புத்தகத்துலகூட அதுக்கு இடமில்லையா?"

தியாகராசா இருதயத்துக்குப் போன் போட்டார்.

"மெஷினை மூடிட்டு மறுபடி திறங்க. முதல்ல ஒரு கேள்வி கேட்கும். 'லினக்ஸ் சிங்கிள்'னு அடிங்க. பாஸ்வேர்டே கேட்காது."

"அப்ப யாரு வேணும்னாலும் அண்ணன் ஆகலாமா?"

"மெஷின் முன்னால உட்கார்ந்தா ஆகலாம்."

இத்தனை காலம் இதற்கா பயந்தோம் என்று தியாகராசாவுக்கு வெட்கமாக இருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து அடித்தார். பிளாப்பி 'கர்'ரென்று சுற்றியது. அண்ணன் வைத்த பாஸ்வேர்டை மட்டும் தொடவில்லை.

ஒன்றுகூடல் மண்டபத்தில் பாலசுந்தரம் அச்சாகி வந்த புத்தகத்தைப் புரட்டினார். குணபூசணி பேர் இருந்த பக்கத்தில் நின்றார்.

"பாஸ்வேர்ட் இல்லாம இது எப்படி வெளிய வந்துச்சு?"

தெரியாதண்ணே என்பதுதான் தியாகராசாவின் வழக்கமான பதில். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது.

"நான்தான் எடுத்தேன் அண்ணே. கொஞ்ச நேரம் நீங்களா இருந்தேன்."

பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். திட்ட வாயெடுத்தவர் மறுபடியும் அதே பக்கத்தைப் பார்த்தார், விரல் வைத்து ஒவ்வொரு பெயராக.

"இவளுக்கு மூணு பிள்ளைங்களா?" என்றார்.