குளிருக்குக் கட்டும் துணி

போன ஜனவரியின் இரண்டாம் ஞாயிறு. இலங்கை மலைநாட்டிலுள்ள எங்கள் ராகலையில் அன்று காலை புல் முழுவதும் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. மார்கழி முதல் மாசி வரை இங்கே எல்லோர் தலையிலும் ஏதாவது ஒரு கம்பளி இருக்கும். சைனஸ்காரியான எனக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் அன்று என் கம்பளித் துணியை அவிழ்த்து அலுமாரியில் வைத்தேன்.

தங்கையைப் பெண் பார்க்க மாத்தளையிலிருந்து வரவிருந்தார்கள். மாப்பிள்ளை அவளோடு லேபில் வேலை செய்பவர். அவளுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்த ஆண்டில் ஹிஜாபைக் கழற்றினேன். அவள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் அணியத் தொடங்கினாள். இருவரும் நிறையப் படித்தோம், அதைவிட அதிகமாகச் சண்டை போட்டோம். யாரும் மாறவில்லை. சேலை முந்தானையையே முக்காடாகப் போடும் உம்மாவுக்கு எங்கள் இருவரையுமே விளங்கவில்லை.

"ஒரு நாளைக்கித்தானே மகள்," என்றார் உம்மா. "குளிருக்குக் கட்டுற துணியையே கட்டிக்க. அவங்க என்னமும் நினைச்சிக்கட்டும்."

அப்படி நினைத்துவிடக் கூடாது என்றுதான் அவிழ்த்தேன். தங்கை தன் ஹிஜாபுக்கு ஊசி குத்திக்கொண்டே சொன்னாள்: "தாத்தா, எனக்காக நீங்க போட்டா, நானும் ஆருக்காகவோ போட்ட மாதிரித்தான்." எங்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்போம்.

வந்தவர்கள் நடுங்கினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா காதை மூடும் கம்பளிக் குல்லாவைக் கழற்றவே இல்லை. தேநீர் கொடுக்கும்போது நான் தும்மினேன்.

"மகளுக்குக் குளிரல்லயா?" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"குளிருது மாமி. ஆனா கட்டினா நீங்க ஹிஜாப்னு நினைப்பீங்க. நான் போடுறதில்ல."

அவர் தங்கையிடம் திரும்பினார். "கல்யாண நாளைக்கு மட்டும் உங்கட தாத்தாவப் போடச் சொல்லுங்க. எங்கட ஆக்கள் பேசுவாங்க."

தங்கையின் விரல்கள் அவள் உட்கார்ந்திருந்த கதிரையின் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. குரல் மட்டும் ஆடவில்லை. "என்னையப் போடச் சொல்லி ஆரும் சொல்லல்ல மாமி. அவங்களையும் சொல்ல ஏலாது. இது சரிவராட்டி இப்பவே சொல்லிருங்க."

மாப்பிள்ளையின் வாப்பா குல்லாவைத் தூக்கினார். "என்ன சொன்னீங்க மகள்? இதுக்குள்ள ஒண்டும் கேக்குதில்ல."

அவள் எல்லாவற்றையும் இன்னும் உரக்கச் சொன்னாள்.

"வீட்டுல பேசிச் சொல்றோம்," என்று மாமி எழுந்தார். அவர்களின் வேன் வளைவில் மறைந்ததும் நான் ஓடிப்போய்க் கம்பளியைக் கட்டினேன். "இப்ப என்னையவிட இறுக்கமா கட்டியிருக்கீங்க," என்று சிரித்த தங்கை, உடனே அழுதாள்.

வியாழக்கிழமை மாமி தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார். "எனக்கு இன்னும் அது பிடிக்கல்லதான். ஆனா கல்யாணத்துக்கு நாளப் பாருங்க. பனி மாசத்துல மட்டும் வைக்காதீங்க, உங்கட தாத்தா தும்மிக்கிட்டே நிப்பா."

மே மாதத்தில் வைத்தோம். நான் தலை மூடாமல்தான் நின்றேன். மாமி முகத்தை இறுக்கிக்கொண்டு வந்து, என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.