வாக்காளர் பட்டியலும் வாஷிங் மெஷினும்

தவணைக்குச் சாமான் விற்கிற கடையில் வேலை பார்த்தால் ஊரில் யார் யாரை நம்புகிறார்கள் என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும். நம்மை ஒருவரும் நம்பவில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தொண்ணூறுகளில் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்து ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் ஒரு மின்சாதனக் கடையில், தமிழ் வாடிக்கையாளர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொஸ்தூரா பொலிஸ் அலுவலக வாசலில் கால் கடுக்க நின்ற உங்களுக்குப் படிவத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

நான் சொல்லப்போகிறவை நடந்த வருடத்தில் எனக்கும் ஒரு கடன் தேவைப்பட்டது. ஒன்பது வருடமாக நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டறை வீட்டைச் சொந்தக்கார சிஞ்ஞோரா விற்கப்போவதாகச் சொன்னாள். ஈஸ்டருக்குள் நாங்கள் வாங்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள். என் மனைவி ராணி அன்றிலிருந்து சுவர்களைத் தடவித் தடவிப் பார்க்கத் தொடங்கினாள்.

கைபிடித்துக் கூட்டிப் போனவர்

மேரியக்கா மன்னார்க்காரி. மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோரா வீட்டில் பதினொரு வருட வேலை. வாஷிங் மெஷின் வாங்க வந்தார். சம்பளக் கடிதம், வதிவிடப் பத்திரம் எல்லாம் கையில் இருந்தன. படிவத்தை, கடன் கொடுக்கிற நிதி நிறுவனத்துக்கு ஃபாக்ஸ் பண்ணினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: ‘பட்டியலில் காணப்படவில்லை.’

நகரசபையின் வாக்காளர் பட்டியலில் ஒரு பிரதியை அந்த நிறுவனம் வைத்திருந்தது. பெயரும் முகவரியும் அதில் இருந்தால் ஆள் நிலையானவர் என்று புள்ளி கொடுப்பார்கள். இல்லாவிட்டால் புள்ளி இல்லை. நாங்களோ வெளிநாட்டவர், எங்களுக்கு வாக்கே கிடையாது. இதை நான் விளக்கி முடித்ததும் மேரியக்கா கைப்பையை மூடிக்கொண்டு சொன்னார்:

“தம்பி, போன தேர்தலுக்கு அந்தக் கிழவியைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் வோட்டுப் போட வைச்சது நான். அவவைக் கண்டவைக்கு என்னைத் தெரியேல்லையோ?”

செத்தவருக்குக் கிடைத்த மதிப்பு

பக்கத்துத் தெருவில் இருந்த சிசிலியக்காரப் பெண்மணி ஒருத்தி ஃபிரிட்ஜுக்கு விண்ணப்பித்தாள். நாற்பது வருடப் பழக்கம், கணவன் பெயரையே எழுதிவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குக் கடை பூட்டுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது: ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது, முன்பணம் தேவையில்லை.’ எங்கள் முதலாளி அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். அந்த மனிதரின் செத்தவீட்டுக்கு அவர் முந்தின மாதம்தான் போய்வந்திருந்தார். பட்டியலில் இருந்து பெயர் இன்னும் எடுபடவில்லை.

முதலாளி படிவத்தைக் கிழித்தார். நான் மட்டும் அந்த ஃபாக்ஸைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிறவர்கள் மீது பொறாமைப்பட்டுப் பழகியவன்தான் நான். செத்தவர் மீது பட்டது அதுவே முதல் தடவை. பெண்மணிக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை:

“இருந்த காலத்தில் இந்த மனிதனுக்கு ஒரு கிலோ மீன்கூட யாரும் கடனுக்குக் கொடுத்ததில்லையே.”

பதினைந்து நிமிடம்

இனி நேசன். யாழ்ப்பாணத்துப் பொடியன். எனக்கு நான்கு வருடம் பிந்தி பலெர்மோவுக்கு வந்தவன். எங்கள் கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அந்த வேலையையும் அவனுக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வந்த கொஞ்ச நாளில் ஒரு சிசிலியப் பெண்ணைக் கட்டினான். குடியுரிமை வந்தது, பெயரும் பட்டியலில் ஏறியது. ஒருநாள் விளையாட்டுக்குப் போல ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கடன் கேட்டான். பதினைந்தாவது நிமிடத்தில் பதில் வந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதே வாரம் என் வீட்டுக் கடனுக்கு வங்கி பதில் அனுப்பியது. அவர்களும் அதே பட்டியலைத்தான் பார்த்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள ஒருவர் பிணை நின்றால் யோசிக்கலாமாம். அடுத்த ஞாயிறு தேர்தல். போய் வாக்களிப்பாயா என்று நேசனிடம் கேட்டேன்.

“வோட்டோ? ஞாயிற்றுக்கிழமை எண்டால் பத்து மணிக்கு முன்னம் நான் எழும்பிறேல்லை, அண்ணை.”

ஞானத்தகப்பன்

பிணை நிற்கக்கூடிய தமிழன் ஒருவன் இருக்கிறான் என்ற செய்தி பிரான்காச்சோப் பகுதித் தமிழர் வரைக்கும் போய்விட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம்: உதவி கேட்பதற்கு முன் அந்த ஆளைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை விருந்துகளில் முன்வரிசைக் கதிரை எனக்குத்தான், படிவம் நிரப்புகிறவன் அல்லவா. இப்போது அதில் நேசன் உட்கார்ந்தான். கோழிக்காலும் அவன் தட்டுக்கே போனது.

தொலைக்காட்சி வாங்க நினைத்த அந்தோனி ஒருபடி மேலே போய், தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு நேசனையே ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்டான். மறுக்கக் கூச்சப்பட்டு இவனும் ஓம் என்றுவிட்டான். தமிழ்ப் பாதர் தண்ணீர்த் தொட்டியடியில் வைத்து, “நீர் எந்தப் பங்கு?” என்று கேட்க, நேசன் “நல்லூர்” என்று முருகன் கோயிலைச் சொன்னான். நான் பின்வரிசையில் இருந்து, மனம் குளிரச் சிரித்தேன். பாதர் அந்தோனியை முறைத்தார். அவன் அசையவில்லை:

“பாதர், அவர் சைவம்தான். ஆனால் பட்டியலில இருக்கிறார்.”

சாமான் அறை

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருந்தது. ஊரே நேசனிடம் கேட்டுவிட்டது, நான் மட்டும் கேட்கவில்லை. நான் வேலை எடுத்துக் கொடுத்தவனிடம் நானே கையெழுத்துக்குக் கைகட்டி நிற்பதா? ராணி கோபிக்கவில்லை. சமையல் பாத்திரங்களைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அடுத்த நாள் காலை கடை திறக்க முதலே நேசனைத் தேடிப் போனேன்.

கடைக்குப் பின்னால் சாமான் அறையில், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளை விரித்து அதன்மேல் படுத்திருந்தான். தலைமாட்டில் சவரக் கத்தியும் ஒரு துவாயும். அவன் மனைவி வீட்டுப் பூட்டை மாற்றி, இவனை வெளியே விட்டு இரண்டு மாதமாம். பட்டியலில் இன்னும் அவள் வீட்டு முகவரியிலேயே நிலையான மனிதனாக இருக்கிறான். உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இரக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. நின்றபடியே என் கடன் விஷயத்தைச் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னான்:

“கையெழுத்து எத்தினை எண்டாலும் வைக்கிறன், அண்ணை. உங்கட வீட்டில ஒரு கட்டில் போட எனக்கு இடம் தருவியளோ?”

அவன் கையெழுத்தில் வீடு எங்களுடையதாகிவிட்டது, நேசனும் எங்களோடுதான் இருக்கிறான். ஒருவன் மீது பொறாமைப்பட்டுக்கொண்டே அவனுக்கு மூன்று வேளையும் சோறு போட்டுத் தவணை கட்டுவது எவ்வளவு கடினம் என்பது தவணைக் கடையில் வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும்.