ஐம்பதாம் நம்பர் எண்ணெய்

கோவிந்தசாமிக்கு இயேசுதாசன் நாற்பது வெள்ளி கடன்பட்டிருந்தான். ஸ்பானர் செட் வாங்குவதற்காக வாங்கிய பணம். சனிக்கிழமைக்குள் திருப்பித் தராவிட்டால் அந்த செட்டே கோவிந்தசாமி வீட்டுக்குப் போய்விடும் என்பது பேச்சு. அது போனால் டிக்சன் ரோட்டில் அவன் போட்டிருந்த கார் பட்டறையும் போனமாதிரிதான்.

அது 1959. மூன்றாம் வகுப்புக்கு மேல் அவன் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஆனால் அவன் காது நன்றாகப் படித்திருந்தது. முதுகுக்குப் பின்னால் போகிற கார் ஆஸ்டினா மோரிஸா என்று திரும்பாமலே சொல்வான். அப்படிப்பட்ட காது சிராங்கூன் வட்டாரத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. இருந்தால் வந்து சொல்லட்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் கோவிந்தசாமி தன் மோரிஸ் டாக்சியோடு வந்தார். துணிக்கடையில் இருபது வருஷம் வேட்டி விற்றுச் சேர்த்த காசில் வாங்கிய வண்டி.

"தாசா, எஞ்சின்ல பல்லி கத்துற மாதிரி டிக் டிக்னு சத்தம். பிரிக்கணும், இருநூறு வெள்ளி ஆகும்கிறான் ஒருத்தன்."

இயேசுதாசன் நீளமான ஸ்குருடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டான். அந்த டிக் டிக் மட்டும் இல்லை.

"பல்லி எங்கண்ணே? பொண்டாட்டியப் பார்க்க ஜொகூர் போயிடுச்சா?"

"கிண்டல் பண்ணாதே லா. காலையில கத்தும். பிரிக்காமலே நிறுத்திக் காட்டு, நாற்பது வெள்ளி தரேன். முடியலைன்னா செட்டை எடுத்து வை."

காலையில் மட்டும் ஏன்? அந்தக் கேள்வி அவனைச் சாப்பிட விடவில்லை. வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டான். விடிந்ததும் கிளப்பினான். டிக், டிக், டிக். பத்து நிமிஷத்தில் எஞ்சின் சூடேறியதும் சத்தம் தானாக அடங்கியது. அணைத்து, ஆறவிட்டு, எட்டு வால்வுக்கும் இடைவெளியைத் தகடு விட்டு அளந்தான். எல்லாம் சரி. அப்படியானால் சூட்டில் மாறுவது எது? ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். சொட்டு விழ மாட்டேன் என்று வெல்லப்பாகு போலத் தொங்கியது.

பிற்பகல் வந்த கோவிந்தசாமியிடம் கேட்டான்: "என்ன ஆயில்ணே ஊத்தினீங்க?"

"ஐம்பதாம் நம்பர்! முப்பது, நாற்பதெல்லாம் நாம தொடுறதில்ல."

"ஐம்பது ஒசத்தின்னு யார் சொன்னா?"

"என்கிட்டயேவா? நூல்ல நம்பர் ஏற ஏற மெல்லிசு. மெல்லிசுதான் ஒசத்தி. நூறாம் நம்பர் வேட்டி பக்கத்துல நாற்பதாம் நம்பரை வைக்க முடியுமா?"

இயேசுதாசன் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை தேத்தண்ணிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அது வேட்டிண்ணே! ஆயில்ல நம்பர் ஏற ஏறத் தடிப்பு. மல்லு வேட்டின்னு நினைச்சுச் சாக்குத் துணியைக் கட்டி விட்டிருக்கீங்க. ஆறின எஞ்சின்ல அது உச்சிக்கு ஏறவே நேரமாகுது. அதுவரைக்கும் மேல இரும்பும் இரும்பும் காய்ஞ்சு அடிச்சுக்குது."

பழையதை வடித்துவிட்டு முப்பதாம் நம்பர் ஊற்றினான்.

சனிக்கிழமை காலை. ஸ்பானர் செட் பட்டறை வாசலில் ஐந்தடி நடைபாதையில் எடுத்துப் போகத் தயாராக இருந்தது. கோவிந்தசாமியே கிளப்பினார். நாலைந்து டிக் வந்தது. இயேசுதாசனின் கண் ஸ்பானர் செட்டுக்குப் போனது. பிறகு டிக் நின்று எஞ்சின் வழுவழுவென்று ஓடியது.

"சரிப்பா, கடன் கழிஞ்சு போச்சு."

"கழிக்கிற வேலையே வேண்டாம்ணே. என் கூலி என் கைக்கு வரணும்."

முணுமுணுத்தபடி அவர் நான்கு பத்து வெள்ளி நோட்டுகளைக் கொடுத்தார். இயேசுதாசன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தான்.

"இப்ப நீங்க கையை நீட்டுங்க."

பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி அந்தக் கையில் எண்ணி வைத்தான்.