குங்குமம் வைத்த ஸ்பேனர்கள்

கல்யாணமான முதல் வருஷம், மராத்தி ஊரான கோர்படியில் ஒரு வாடகை வீட்டில், நான் மனைவிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் வசித்தேன். வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கெட்டுக் கிடந்தது. பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்தும், விட்டால் துள்ளும். ஒருமுறை லெவல் கிராசிங்கில் குத்தியபோது அவள் கண்ணாடி என் முதுகில் மோதி உடைந்தது. அன்றே கெடு வைத்தாள். ஆயுத பூஜைச் சாயங்காலம் துள்ளாமல் கோயிலுக்குக் கூட்டிப்போனால் வண்டி இருக்கலாம். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். தனியாளாய் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னோடு நனைந்த ஒரே ஜீவன் அது. தலையாட்டினேன்.

பூஜை அன்று காலையில்தான் வண்டி முன் உட்கார்ந்தேன். எனக்கு எல்லாமே கடைசி நாளில்தான் வரும், கவிதை உட்பட. ஃபோர்க்கின் இரண்டு காலின் அடியிலும் திருகைக் கழற்றி, ஹேண்டிலை அமுக்கி அமுக்கிப் பழைய ஆயிலை வடித்தேன். கறுப்பாய், மீன் வாடையோடு வந்தது. இனி மேல்மூடியைத் திறந்து புதியதை ஊற்ற வேண்டியதுதான். கை கழுவ உள்ளே போனேன்.

கை கழுவினால் வேலை முடிந்தது என்பது அவள் எண்ணம். திரும்பி வந்தால் ஸ்பேனர்கள் சரஸ்வதி படத்தின் முன்னால், என் பேனாவுக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருந்தன. கை நீட்டினேன்.

“சாமிக்கு வச்சாச்சுங்க. நாளைக்குத்தான் எடுக்கோணும்.”

“நீ வச்ச கெடு இன்னிக்குத்தானே?”

“அது நான் வச்சது. இது சாமிக்கு வச்சது.”

மாடி வீட்டு மராத்திக்காரர் ரயில்வேயில் ஃபிட்டர். அவரிடம் இரவல் கேட்கப் போனேன். அவர் ஸ்பேனர்களும் செண்டுமல்லி சூடியிருந்தன. தூங்கும் குழந்தையைக் காட்டுவதுபோலக் கதவிடுக்கில் காட்டினார். இன்று இரும்புக்கு லீவு என்று ஹிந்தியில் சொல்லி, ஒரு லட்டு கொடுத்தார். முக்கு சைக்கிள் கடையில் காற்றடிக்கும் பம்புக்கு மாலை போட்டுவிட்டுக் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். இத்தனை நட்டுகள் உள்ள நகரத்தில் வேலைக்கு வந்த ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் பட்டுப்புடவையில், அர்ச்சனைக் கூடையோடு வந்தாள். முகப்பு விளக்கில் பொட்டு வைத்துக்கொண்டு வண்டி ஸ்டாண்டில் நின்றது.

“ஏறுங்க.”

ஆயில் இல்லை, ஓட்ட முடியாது என்றேன். உட்காரத்தானே சொன்னேன் என்றாள். உட்கார்ந்தேன். அவளும் பின்னால் ஒருக்களித்து ஏறி, தோளைப் பிடித்துக்கொண்டாள். மாடி வீட்டுக் குடும்பம் மொத்தமும் பால்கனிக்கு வந்துவிட்டது. பழக்கத்தில் பிரேக்கைக்கூடப் பிடித்தேன். நகராத வண்டியில், நகரும் மேகங்களைப் பார்த்தபடி, கொஞ்ச தூரம் போனோம்.

“துள்ளலீங்க,” என்றாள் கடைசியில். “இருந்துட்டுப் போகட்டும்.”

இறங்கி, கோயிலுக்கு நடந்தோம்.